குப்பைக்குழியும் என் வீட்டுக்காரரின் இங்கிலீஷும்

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது கொடைக்கானலில் பலருக்கும் தெரிந்த விஷயம், ஏனென்றால் அதை அவரே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிறவரும் கடலை விற்கிறவரும்கூட நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசித்தான் பிழைத்தார்கள். அதெல்லாம் சீசன் இங்கிலீஷ், என்னுடையது ஆபீஸ் இங்கிலீஷ் என்பார் இவர். மிஷன் பங்களா ஆபீஸில் அவருக்குக் கிளார்க் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கும் பங்களா அது. அவர்கள் வாயைத் திறந்ததுமே இவர் தலையை ஆட்ட ஆரம்பித்துவிடுவார். என்ன சொல்லப் போகிறார்கள் என்பது அப்புறம்.

அதற்கென்று ஒரு பழுப்புக் கோட்டு வைத்திருந்தார். ஊர் திரும்பிய யாரோ ஒரு பாதிரியார் விட்டுப்போனது. தோள் இவருக்குப் பெரிசு, கை இவருக்கு நீளம். மொழிபெயர்க்கக் கூப்பிடும்போது மட்டும் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பார். கோட்டு வெளியே வந்துவிட்டால் அன்றைக்கு என்னிடம்கூடக் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்துதான் காபி கேட்பார்.

நான் பாலசமுத்திரத்தில் பிறந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவள். மிஷன் தையல் கூடத்தில் வேலை பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். பங்களாவுக்குக் கீழே, வேலை செய்கிறவர்களுக்கென்று கட்டிய வீட்டு வரிசையில் நாங்கள் இருந்தோம். வரிசைக்குக் கீழே, சரிவு முடிகிற இடத்தில் ஓர் ஊற்று. எங்களுக்கும் அதே தண்ணீர்தான், மோட்டார் வைத்து மேலே இழுத்த பங்களாவுக்கும் அதே தண்ணீர்தான். ஊற்றுக்கு நேர் மேலே, எங்கள் வரிசை முடிகிற ஓரத்தில், மூன்று பசு மாடு வைத்துக்கொண்டு ஒரு பெண் குடியிருந்தாள்.

அவளை எல்லோரும் சிலோன்காரி என்றார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். கப்பலில் ராமேஸ்வரம் வந்து, முகாமில் கிடந்து, எங்கெங்கோ அலைந்து இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தவர்கள். அவளுடைய பாட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து கூலிக்காகக் கப்பல் ஏறியவர். அங்கே அவளை இந்தியாக்காரி என்றார்களாம். இங்கே சிலோன்காரி என்றார்கள். அவள் புருஷன் மரம் ஏற்றுகிற வேலையில் கால் ஒடிந்து வீட்டோடு இருந்தான். அந்த மூன்று மாடும் கறந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். இதுவும் எல்லோருக்கும் தெரியும்.

பாலில் பாதி பங்களாவுக்குத்தான் போனது. பாலைக் குடித்துவிட்டு, காற்று திரும்பி வீசும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். மாட்டுக்கு ஒரு பக்கம்தான் உண்டு, பால் வருகிற பக்கம், என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் குப்பை என்றால் வேண்டாம் என்று வீசி எறிகிற சாமான் இல்லை. சாணி, மாட்டு மூத்திரம் ஊறிய புல், அடுப்புச் சாம்பல் எல்லாம் ஒரு குழியில் கிடந்து மட்கி வருகிற எருவுக்குத்தான் குப்பை என்று பேர். உருளைக்கிழங்கு நடுவதற்கு முன்னால் வில்பட்டித் தோட்டக்காரர்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு அவள் குழிக்கு வந்துவிடுவார்கள். பதிலுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள். முட்டைக்கோஸ் இலை, கேரட் தழை, பட்டாணிக் கொடி என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கட்டு வந்து விழும். மாடு தோட்டத்தைத் தின்றது, தோட்டம் மாட்டின் குப்பையைத் தின்றது. நடுவில் அவள் பால் விற்றாள்.

குழியில் ஒரு குறை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். திறந்து கிடந்த குழி அது. மழை பெய்தால் நிரம்பி, கறுப்புத் தண்ணீராக வழிந்து, சரிவில் இறங்கி நேராக ஊற்றுக்குப் போகும். ஒரு மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. எங்கள் வரிசையில் பிள்ளைகளுக்கு வயிற்றால் போனது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வாரம் பங்களாவில் தங்கியிருந்த ஒருவருக்கு வயிற்றால் போனது. உடனே தண்ணீர்க் கமிட்டி போட்டார்கள்.

கமிட்டியில் மிஷன் ஃபாதர், பங்களாவைக் கவனித்துக்கொள்கிற மேட்ரன், சென்னையிலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு பெரிய மனிதர், செக்ரட்டரியாக என் வீட்டுக்காரர். பங்களா முன் ஹாலில் டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு கூடினார்கள். டீ கொண்டுபோய் வைத்தவள் நான், அதனால் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும்.

"ஸ்மெல் தாங்கல ஃபாதர். கெஸ்ட் எல்லாம் கம்ப்ளெயிண்ட் பண்றாங்க. ஈ வேற," என்றார் மேட்ரன்.

"மாட்டையே அப்புறப்படுத்திட்டா பிரச்சினை தீர்ந்துச்சு," என்றார் பெரிய மனிதர், தன் டீயில் அந்த மாட்டின் பாலைக் கலக்கிக்கொண்டே.

ஃபாதர் இளகிய மனசுக்காரர். ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்றார். சாணியை ஒழுங்கு பண்ணினால் மாடு இருக்கட்டும். தண்ணீர் தெளியாவிட்டால் அடுத்த சீசனுக்குள் மாடு போக வேண்டும். மலைக்குக் கீழே மிஷன் பண்ணையில் மண்ணையும் தண்ணீரையும் பற்றிப் படித்த ஒரு வெள்ளைக்கார இளைஞர் இருந்தார். அவரைக் கூப்பிட்டு யோசனை கேட்பது என்று முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் அன்று மாலையே கோட்டை எடுத்து வெயிலில் போட்டார்.

தாடி வைத்த அந்த இளைஞர் வந்ததும் டீ வேண்டாம் என்று நேராகக் குழிக்குப் போனார். குனிந்து கையால் அள்ளி மோந்து பார்த்தார். அதிலேயே மேட்ரன் ஐந்தடி பின்னால் போய்விட்டார். வரிசையில் இருந்த எல்லோரும் சுற்றி நின்றோம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு குழியோரம் நின்றாள். அவள் கண் அந்தத் தாடிக்காரர் வாயை விட்டு நகரவே இல்லை. பாவம், அவர் வாயிலிருந்து வருகிறது நேராகத் தன் காதுக்கு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு கோட்டு நிற்பதை யோசிக்கவில்லை.

ஒரு பானைச் சோறு வேகிற நேரம் அவர் பேசினார். மேலே கையைக் காட்டி மழை எப்படி இறங்கி வருகிறது என்றார். கீழே ஊற்றைக் காட்டினார். ஒரு குச்சியை எடுத்துக் குழிக்கு மேல்பக்கம் வளைத்து ஒரு கோடு கிழித்தார். குழிக்குக் கீழே இருந்த புல்லைத் தொட்டுத் தொட்டு ஏதோ சொன்னார். கடைசியில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல் நுனிகளைக் கூட்டிக் காட்டினார். என் வீட்டுக்காரர் மூச்சு விடாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"குழிய மூடிரணுமாம்."

அவ்வளவுதான். சோறு வேகிற நேரம் பேசியது இவர் வாயில் ஒரு பருக்கையாக வந்து விழுந்தது.

"கோடு எதுக்குங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது வரைக்கும் மூடணும்னு அர்த்தம்."

"கையத் தலைக்கு மேல தூக்கினாரே?"

"நம்ம பழக்கப்படி கும்புட்டு முடிக்கிறார்."

உடனே நாங்கள் அத்தனை பேரும் அந்தத் தாடிக்காரரைத் திருப்பிக் கும்பிட்டோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே எங்களைக் கும்பிட்டார்.

அவள் மட்டும் நகரவில்லை. "சார், குழிய மூடிட்டா சாணிய எங்க சார் போடுறது? தொரகிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்," என்றாள்.

நியாயமான கேள்வி. அதை இங்கிலீஷில் கேட்க வேண்டும், கேட்டால் பதில் வரும், பதில் புரிய வேண்டும். இவ்வளவு இக்கட்டு அதில் இருந்தது. "அதெல்லாம் அவருக்குத் தெரியாமலா சொல்றாரு? சொன்னதச் செய்ம்மா, வெரசா," என்றார். தாடிக்காரரின் ஜீப் கிளம்பிப் போனது.

குழியை மூடினார்கள். அதற்கு வரிசையே திரண்டது. மண் வெட்டிக் கொட்டினார்கள், மிதித்தார்கள், மேலே கல் வைத்துத் தட்டினார்கள். தாடிக்காரர் கிழித்த கோடு வரைக்கும் அளவு பிசகாமல் மூடினார்கள். ஃபாதர் கேமராவோடு வந்து படம் எடுத்தார். என் வீட்டுக்காரர் கோட்டோடு அந்த மண் மேட்டின் மேல் ஒரு காலை வைத்து நின்றார். சிங்கத்தைச் சுட்டவர் நிற்பதுபோல இருந்தது.

மாடு இங்கிலீஷ் தெரியாத பிராணி. மறுநாளும் சாணி போட்டது.

குழி இல்லாததால் அவள் கூடையில் அள்ளி ஒற்றையடிப் பாதை ஓரத்தில் குவித்தாள். அங்கே குவிக்காதே என்றார்கள். வேலிப் பக்கம் குவித்தாள். அங்கேயும் குவிக்காதே என்றார்கள். ஐப்பசி மழை வந்தது. எங்கள் மலையில் ஐப்பசி மழை பேச்சுக்குப் பெய்கிற மழை இல்லை. குவித்தது எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் வழித்துக்கொண்டு போய் ஊற்றில் சேர்த்தது. முன்பு டீ நிறத்தில் இருந்த தண்ணீர் இப்போது காபி நிறத்துக்கு வந்தது. கமிட்டி மறுபடி கூடி, மறுபடி பிஸ்கட் தின்று, ஒரு மாட்டைக் குறைக்கச் சொன்னது. அவள் ஒன்றை விற்றாள்.

தையில் வில்பட்டிக்காரர்கள் சாக்கோடு வந்தார்கள். குழி இருந்த இடத்தில் மண் மேடும் கல்லும் இருப்பதைப் பார்த்து முழித்தார்கள்.

"என்னம்மா இது, யாரப் பொதைச்சுருக்கீக?" என்றார் ஒருவர்.

"குப்பையத்தாங்க. பங்களாவுல மூடச் சொல்லிட்டாங்க. தொறக்க ஏலாது," என்றாள் அவள். முடியாது என்பதற்கு அவள் ஏலாது என்பாள். அங்கிருந்து கொண்டுவந்த சொத்தில் மிச்சம் அதுதான்.

வந்தவர்கள் வேறு இடத்துக்குப் போனார்கள். குப்பை போகவில்லை, அதனால் தழையும் வரவில்லை. அவள் வெள்ளனே எழுந்து காட்டோரம் புல் அறுக்கப் போனாள். ஃபாரஸ்ட் கார்டு விரட்டினார். தீனி இல்லாமல் பால் வற்றியது. இரண்டாவது மாட்டையும் கீழே சந்தைக்கு ஓட்டிப் போனாள். அது போகும்போது நான் தையல் கூடத்து ஜன்னலில் நின்று பார்த்தேன்.

பனி குறைந்து வெயில் ஏறத் தொடங்கியபோது தாடிக்காரர் மறுபடி வந்தார், தான் சொன்ன வேலை எப்படி நடந்திருக்கிறது என்று பார்க்க. மண் மேட்டைப் பார்த்தார். சுற்றி வந்தார். பிறகு குழி எங்கே என்று கேட்டார். இதற்குள் அவர் பண்ணையில் கொஞ்சம் தமிழ் பழகியிருந்தார். அன்றைக்கென்று என் வீட்டுக்காரர் மிஷன் பத்திரம் பதியப் பழனிக்குப் போயிருந்தார், அதனால் நடுவில் யாரும் இல்லை.

"கூரை எங்கே?" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல் நுனிகளைக் கூட்டினார். பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

"கும்பிடு இல்லை. கூரை. மழை உள்ளே வராது. குழி இருக்கும், மேலே கூரை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குழிக்கு மேல் நாலு தகரம் போடச் சொல்லியிருக்கிறார். கோடு கிழித்தது மழைத் தண்ணீரைக் குழிக்கு வராமல் திருப்பிவிடும் வாய்க்காலுக்கு. புல்லைத் தொட்டது, அதை அறுக்காமல் விட்டால் வழிகிற கொஞ்சத்தையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதற்கு. நாலு தகரமும் ஒரு வாய்க்காலும் ஒரு பாத்திப் புல்லும். இதற்கு இரண்டு மாடு போயிருக்கிறது.

அவர் மண்வெட்டி வாங்கி மேட்டைக் கொத்திப் பார்த்தார். மாதக்கணக்காக மண்ணுக்கடியில் கிடந்த குப்பை கறுகறுவென்று, பொலபொலவென்று, துளி நாற்றமில்லாமல் மட்கியிருந்தது. கையில் அள்ளி, கூட வந்திருந்த ஃபாதரிடம் நீட்டினார். ஃபாதரும் மோந்து பார்த்தார். இது நல்ல குப்பை, ஆனால் இப்படித் தினமும் மூட முடியாது, மாட்டுக்குக் குழி வேண்டும் என்று ஆன மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி சோறு போடும்போதே கேட்டுவிட்டேன். "கூரை போடச் சொன்னவர் பேச்ச, குழிய மூடச் சொன்னாருன்னு சொல்லியிருக்கீங்க."

"கவர்னா மூடுறதுதான? டிக்‌ஷனரிய எடுத்துப் பாரு."

"சட்டிய மூடுன்னா தட்டு வைப்பாகளா, மண்ணள்ளிக் கொட்டுவாகளா?"

"நான் வார்த்தைக்கு வார்த்தை சரியாத்தான் சொன்னேன். வெளங்கிக்கிட்டது அவுக தப்பு. ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "குப்பை நல்லா வந்திருக்குன்னு ஃபாதர் சொன்னாரு. நான் சொன்னபடி மூடுனதாலதான வந்துச்சு," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மோர் ஊற்றவில்லை. மறந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஃபாதரிடம் போனேன். இன்னும் ஒரு மாடு இருக்கிறது, தகரம் நாங்களே வரிசையில் சேர்ந்து போட்டுக்கொள்கிறோம், அதையாவது விட்டுவிடுங்கள் என்றேன். ஃபாதர் பொறுமையாகக் கேட்டார். வருத்தமும் பட்டார். வருத்தப்படுவதில் அவர் குறை வைத்ததே இல்லை.

"ஆனா சீசனுக்கு முன்னால மாடு போகணும்னு தீர்மானம் போட்டாச்சேம்மா. கமிட்டி போட்டதை நான் ஒருத்தனா எப்படி மாத்துறது?"

"எதுக்காகத் தீர்மானம் போட்டீங்களோ அதே தப்புன்னு ஆயிருச்சே ஃபாதர்."

"அதுக்கு மறுபடி கமிட்டி கூடணும். பெரியவர் மெட்ராஸ் போயிருக்கார். சீசன் முடிஞ்சுதான் வருவார்."

மேட்ரன் அதற்குள் பாலுக்கு வேறு ஏற்பாடு பண்ணிவிட்டார். வேனில் வருகிற பால், ஈ வராத பால். அவளுடைய கடைசி மாடும் சித்திரையில் போனது. அதைச் சந்தைக்கு ஓட்ட அவளுக்கு மனசு இல்லை, தரகரே வந்து பிடித்துப்போனார். பிறகு அவள் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனாள். ஊற்றுத் தண்ணீர் தெளிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் குழியில் இருந்த குப்பை பங்களா ரோஜாப் பாத்திகளுக்குப் போனது. அந்த வருஷம் பூத்த ரோஜாவைப் பார்க்கிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

சீசனில் மிஷனுக்கு உதவி செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். ரோஜாவைப் பார்த்தார்கள், ஊற்றைப் பார்த்தார்கள், தெளிந்த தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தார்கள். இது எப்படி என்று கேட்டார்கள். இதற்கு ஒரு விழா வைக்காவிட்டால் எப்படி? மாதா கோயில் ஹாலில் மேடை போட்டு, ஃபாதர் எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டி, என் வீட்டுக்காரரைப் பேசவிட்டார்கள். மாட்டுச் சாணியை மண் போட்டு மூடினால் நாற்றம் இல்லை, ஈ இல்லை, தண்ணீரும் கெடாது, நிலத்துக்கும் நல்லது என்று விளக்கினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் சொன்னார். தனக்குத் தானே மொழிபெயர்த்துக்கொண்ட அன்றைக்கு ஒரு பிழையும் வரவில்லை. தாடிக்காரரை யாரும் கூப்பிடவில்லை.

இந்த முறையால் பலன் அடைந்தவர் என்று அவளையும் மேடைக்கு ஏற்றினார்கள். ஹோட்டல் வேலையிலிருந்து அரை நாள் லீவு போட்டு, துவைத்த சேலை கட்டி வந்திருந்தாள். கையெல்லாம் பாத்திரம் கழுவுகிற சோடாவில் வெந்து தோல் உரிந்திருந்தது. வந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முகம் நிறையச் சிரித்து, இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"குப்பையெல்லாம் இப்ப எப்படி இருக்குன்னு கேக்குறாங்க. சொல்லும்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் ஹாலைப் பார்த்தாள். ஃபாதரைப் பார்த்தாள். கூச்சப்படாமல், கோபப்படாமல், பால் கணக்குக் கேட்டால் சொல்கிற குரலில் சொன்னாள்:

"குப்பை நல்லாத்தாங்க இருக்கு. மாடுதாங்க இல்ல."

தமிழ் தெரிந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். வெள்ளைக்கார அம்மா சிரித்த முகத்தோடு என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் சொன்னதில் கடினமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. குப்பைக்கும் இங்கிலீஷ் அவருக்குத் தெரியும், மாட்டுக்கும் தெரியும், இல்லைக்கும் தெரியும்.

"ஷி ஈஸ் சேயிங் தேங்க் யூ வெரி மச்," என்றார்.

அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. எல்லோரும் தட்டுவதைப் பார்த்து, அவளும் தட்டினாள்.